சான்றில்லாத பத்திகளை நீக்குவதா, வைத்திருப்பதா? பழைய கட்டுரைகளைச் செம்மைப்படுத்துவது குறித்து

குறிப்பேடு

அனைவருக்கும் வணக்கம். விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரைகள் தொடங்குவதைக் குறைத்துக்கொண்டு, ஏற்கெனவே இருப்பவற்றைச் செம்மைப்படுத்துவதில் நேரம் செலவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அறிவியலிலும் வரலாற்றிலும் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டு, அதன்பின் யாரும் தொடாத கட்டுரைகளைத் தேடியெடுத்துப் படித்து வருகிறேன். அவற்றில் ஒரே வகையான சிக்கல் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. நான்கைந்து பத்திகள் நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. நடை தெளிவாக இருக்கிறது. சொல்லப்படும் செய்தியும் நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. ஆனால் ஒரு வரிக்குக்கூட மேற்கோள் இல்லை. எழுதிய பயனர் இப்போது பங்களிப்பதும் இல்லை என்பதால், அவரிடம் கேட்டறியவும் வழியில்லை.

இத்தகைய பத்திகளை என்ன செய்வது? ‘சான்று தேவை’ என்று குறியிட்டுவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போகலாம். நீக்கிவிடலாம். உட்கார்ந்து சான்று தேடி இணைக்கலாம். மூன்றாவதுதான் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு பத்திக்குரிய சான்றைத் தேடுவதற்குள் ஒரு மாலைப் பொழுது போய்விடுகிறது என்பதையும், காத்திருக்கும் கட்டுரைகள் எண்ணற்றவை என்பதையும் பார்க்கும்போது, எங்கே தேட வேண்டும், எங்கே நீக்க வேண்டும், எங்கே குறியிட்டால் போதும் என்பதற்கு ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும் என்று நினைக்கிறேன். நீண்ட நாள் பங்களித்தவர்கள் எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

நேர்கோடு

வணக்கம். என் கருத்து தெளிவானது: நீக்கிவிடுங்கள்.

விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றான மெய்யறிதன்மை, ஒரு செய்தி உண்மையா என்ற கேள்வியோடு நின்றுவிடுவதில்லை. படிப்பவர் அதைத் தாமே சரிபார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்கிறது. அந்த வழியைக் காட்டும் பொறுப்பு செய்தியைச் சேர்த்தவருக்கோ, நீக்கியபின் மீண்டும் சேர்ப்பவருக்கோ உரியதேயன்றி, ஐயப்படுபவருக்கு உரியதன்று. இந்தப் பொறுப்பை இடம் மாற்றினால், யார் வேண்டுமானாலும் எதையும் எழுதிவிட்டுப் போகலாம், பின்னால் வருபவர்கள் காலமெல்லாம் அதற்குச் சான்று தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிலை உருவாகும்.

இன்னொன்றையும் கருத வேண்டும். நம் கட்டுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியாகின்றன. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது இத்திட்டத்தின் பெருமை. அதே காரணத்தால், இங்கே இருக்கும் பிழை இங்கேயே தங்குவதும் இல்லை. தேடுபொறியின் தகவல் பெட்டி, மாணவரின் ஒப்படைப்பு, வேறு தளங்களின் நகல்கள் என்று அது பரவிக்கொண்டே போகும். நாம் ஆறு மாதம் கழித்துத் திருத்தினாலும் அந்த நகல்கள் திருந்தப் போவதில்லை.

நீக்கப்பட்டது அழிந்துவிடுகிறது என்ற அச்சமும் தேவையற்றது. ஒவ்வொரு பதிப்பும் பக்க வரலாற்றில் இருக்கிறது. சான்று கிடைக்கும் நாளில் எவரும் பழைய பதிப்பைத் திறந்து பத்தியை மீட்கலாம்.

நூலகவாசி

நேர்கோடு அவர்களின் கொள்கை விளக்கத்தோடு எனக்கு மாறுபாடில்லை. அதிலிருந்து அவர் வந்து சேரும் முடிவோடுதான் மாறுபடுகிறேன். கொள்கை எல்லா வரிகளுக்கும் அடிக்குறிப்புக் கேட்கவில்லை. நேரடி மேற்கோள்களுக்கும், மறுக்கப்பட்டவை அல்லது மறுக்கப்பட வாய்ப்புள்ளவை ஆகிய செய்திகளுக்கும்தான் வரியிடைச் சான்று கட்டாயம். நீர் ஐதரசனும் ஆக்சிசனும் சேர்ந்த சேர்மம் என்ற வரியின் பின்னால் எண் இல்லை என்பதற்காக அதை யாரும் நீக்குவதில்லை.

பழைய கட்டுரைகளைத் தொடும்போது அவை எழுதப்பட்ட காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். விக்கிப்பீடியா தொடங்கியது 2001 சனவரியில். இன்று நாம் வரிக்கு வரி பயன்படுத்தும் அடிக்குறிப்பு வசதி மென்பொருளில் சேர்க்கப்பட்டதோ 2005ஆம் ஆண்டின் இறுதியில்தான். அதற்கு முன் எழுதியவர்களும், அதன்பின் சில ஆண்டுகள் வரை பழைய பழக்கத்திலேயே எழுதியவர்களும், கட்டுரையின் அடியில் ‘உசாத்துணை’ என்று இரண்டு மூன்று நூல்களைக் குறித்துவிட்டு, அவற்றைப் படித்து உள்வாங்கிய செய்திகளைத் தங்கள் நடையில் எழுதிவைத்தார்கள். அந்தப் பத்திகளுக்குச் சான்று இல்லை என்று சொல்வது சரியன்று. சான்று அடியில் இருக்கிறது. எந்த வரி எந்த நூலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற இணைப்புத்தான் விடுபட்டிருக்கிறது. ஆகவே நீக்கும் முன் கட்டுரையின் அடிப்பகுதி வரை சென்று பாருங்கள். அங்கே நூல் இருந்து, அது உங்களுக்கு எட்டும் இடத்தில் இருந்தால், ஒரே அமர்வில் பத்து வரிகளுக்குப் பக்க எண் தந்துவிட முடியும். செம்மைப்படுத்தும் பணியில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள வேலை வேறொன்று இல்லை.

பக்க வரலாற்றைப் பற்றிய அவரது கருத்துக்கும் ஒரு மறுமொழி உண்டு. வரலாற்றைத் திறந்து பார்ப்பவர் தொகுப்பவர். படிக்க வருபவர் அதைத் திறப்பதில்லை. நடுவிலிருந்த பத்தியை எடுத்துவிட்டால், அதைச் சார்ந்து எழுதப்பட்ட அடுத்த பத்தி பொருளற்றுப் போவதையும் நாம் பல கட்டுரைகளில் பார்க்கிறோம்.

தென்றல்வழி

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நகர்வது எளிது. ஆனால் இருவரும் ‘சான்றில்லாத பத்தி’ என்று ஒரே பெயரில் அழைப்பது ஒரே பொருளை அன்று என்பதுதான் சிக்கலின் வேர். இந்த வரி தவறாக இருந்தால் யாருக்கு என்ன நேரும்? என் அளவுகோல் இந்தக் கேள்விதான். மறுமொழியைப் பொறுத்து, செய்ய வேண்டியது தானாகவே விளங்கிவிடும்.

உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டு, நோய், குடும்பச் செய்தி, சொத்து ஆகியவை சான்றின்றி இருந்தால் குறியிடவும் கூடாது, காத்திருக்கவும் கூடாது. கண்டவுடன் நீக்க வேண்டும். இந்த விதி ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2005 மே மாதத்தில், அமெரிக்க இதழாளர் ஜான் சீகென்தாலரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகக் கருதப்பட்டது என்ற பொய்யை யாரோ ஒருவர் எழுதிவைத்தார். உண்மையில் அவர் ராபர்ட் கென்னடியிடம் பணியாற்றிய நண்பர். அந்தப் பொய் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அப்படியே இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் சீகென்தாலரே ஒரு நாளிதழில் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. டிசம்பரில், கணக்கு இல்லாதவர்கள் புதிய கட்டுரை தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா நிறுத்தியது. வாழும் மனிதர்களைப் பற்றிய தனிக் கொள்கையும் அதையொட்டியே உருப்பெற்றது. அந்த நான்கு மாதங்களில் அந்தப் பக்கத்தைப் படித்தவர்களுள் ஒருவராவது ‘இதற்குச் சான்று எங்கே’ என்று கேட்டு அந்த வரியை எடுத்திருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மருத்துவச் செய்திகளையும் இதற்கு அடுத்த இடத்தில் வைப்பேன். ஒரு மருந்தின் அளவு, ஒரு மூலிகை எந்த நோயைக் குணப்படுத்தும் என்ற கூற்று, கருவுற்றவர்கள் எதை உண்ணலாம் என்ற அறிவுரை ஆகியவற்றை நம்பி ஒருவர் நடந்துகொள்ளக்கூடும். இங்கே ஏதோ ஒரு சான்று இருந்தால் போதாது. ஒரே ஓர் ஆய்வுக் கட்டுரையோ செய்தித்தாள் குறிப்போ போதுமானதன்று. பல ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்ட மீளாய்வுகளோ, மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டு நெறிகளோ வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த வரி கட்டுரையில் இருக்க வேண்டியதில்லை.

எண்கள், ‘முதன்முதலில்’, ‘மிகப் பெரிய’, ‘உலகிலேயே’ போன்ற உச்சச் சொற்கள், ஒரு கண்டுபிடிப்பை யார் செய்தார் என்ற உரிமைக் கூற்றுகள் ஆகியவை அடுத்து வருகின்றன. இவற்றால் உடனடித் தீங்கு இல்லையென்றாலும், மிக எளிதாகப் பரவுபவை இவையே. இவற்றுக்கு நான் சான்று தேடிப் பார்ப்பேன். கிடைக்கவில்லை என்றால், கட்டுரையைப் பற்றித் தொகுப்பவர்கள் கலந்துரையாடும் பேச்சுப் பக்கத்துக்கு நகர்த்திவிடுவேன்.

மற்றபடி, ஒளிச்சேர்க்கை எப்படி நடைபெறுகிறது என்பதை எந்தப் பாடநூலிலும் காணக்கூடிய வகையில் விளக்கும் பத்தியை ஏன் நீக்க வேண்டும்? நூலகவாசி சொன்னது போல அதற்கு ஒரு நூலைக் காட்டினால் போதும். இன்று காட்ட முடியாவிட்டால் குறியிட்டு வைக்கலாம்.

குறிப்பேடு

மூவருக்கும் நன்றி. தென்றல்வழி அவர்களின் அளவுகோலைக் கொண்டு, கையிலிருக்கும் ஒரு கட்டுரையை மீண்டும் படித்துப் பார்த்தேன். முன்பு ஒன்றுபோலத் தோன்றிய பத்திகள் இப்போது வேறு வேறாகத் தெரிகின்றன.

‘பேச்சுப் பக்கத்துக்கு நகர்த்துவது’ என்று அவர் குறிப்பிட்டதைச் சற்று விளக்க வேண்டுகிறேன். அதோடு இன்னொரு ஐயமும் எழுந்திருக்கிறது. அக்கட்டுரையில் ஒரு விலங்கின் வேறு பெயர்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன, சான்று இல்லை. தேடியபோது மூன்று இணையதளங்களிலும் ஒரு செய்திக் கட்டுரையிலும் அதே பட்டியல் அதே வரிசையில் கிடைத்தது. இவற்றுள் ஒன்றைச் சான்றாக இணைத்துவிடலாமா?

நூலகவாசி

இணைக்க வேண்டாம். ‘அதே வரிசையில்’ என்று நீங்கள் கவனித்திருப்பதே எச்சரிக்கை மணி. அத்தளங்கள் நம் கட்டுரையிலிருந்து எடுத்திருக்கலாம். நாம் இப்போது அவற்றைக் காட்டினால், சான்றில்லாத ஒரு கூற்று தனக்குத் தானே சான்றாகிவிடும்.

இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, தற்செயலாக, ஒரு விலங்கின் பெயர்தான். கோவாட்டி என்பது அமெரிக்கக் கண்டங்களில் வாழும், ரக்கூன் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு. 2008இல் ஒரு மாணவர் விளையாட்டாக, அதற்கு ‘பிரேசிலிய ஆர்டுவார்க்’ என்றும் பெயர் உண்டு என்று ஆங்கிலக் கட்டுரையில் எழுதினார். ஆர்டுவார்க் ஆப்பிரிக்காவில் வாழ்வது. கோவாட்டியோடு அதற்கு எந்த உறவும் இல்லை. சில ஆண்டுகளில் அந்தப் பெயரை நாளிதழ்கள் பயன்படுத்தத் தொடங்கின. பின்னர் அச்செய்திகளுள் ஒன்றே கட்டுரையில் அந்தப் பெயருக்குச் சான்றாக இணைக்கப்பட்டது. இணைத்தவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார். அவர் பார்க்கத் தவறியது தேதியை மட்டுமே.

ஆகவே செய்ய வேண்டியது தேதி ஒப்பீடு. ஒரு குறிப்பிட்ட வரி எந்தத் தொகுப்பில், எந்த நாளில் கட்டுரைக்குள் வந்தது என்பதைப் பக்க வரலாற்றிலிருந்து கண்டுபிடிக்கலாம். வரலாறு நீளமாக இருந்தால் விக்கிபிளேம் என்னும் கருவி அந்த வரியைத் தேடிக் காட்டும். வெளித்தளத்தின் பக்கம் அதற்குப் பிந்தையது என்றால் ஒதுக்கிவிடுங்கள். வெளித்தளத்தில் தேதி இல்லாவிட்டால் இணைய ஆவணகத்தின் வேபேக் இயந்திரத்தில் அந்த முகவரியை இட்டு, மிகப் பழைய நகல் எப்போது சேமிக்கப்பட்டது என்று பாருங்கள். நம் கட்டுரைக்கு முன்பே வெளிவந்த விலங்கியல் நூல் ஒன்றில் பெயர் இருந்தால் அதுவே போதும். இணையத்தில் கிடைக்கும் நூறு பக்கங்கள் அதற்கு ஈடாகா.

பேச்சுப் பக்கத்துக்கு நகர்த்துவது எளிய முறை. நீக்கும் பத்தியை அப்படியே பேச்சுப் பக்கத்தில் புதிய தலைப்பின்கீழ் ஒட்டி, எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள், எங்கெல்லாம் தேடினீர்கள், ஏன் ஐயப்படுகிறீர்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும். வாழும் மனிதர்களைப் பற்றிய அவதூறுகளுக்கு மட்டும் இது பொருந்தாது; அவற்றைப் பேச்சுப் பக்கத்திலும் படியெடுத்து வைக்கக் கூடாது. மற்றவற்றுக்கு, உங்களுக்குப் பின் வருபவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

நேர்கோடு

பேச்சுப் பக்கத்துக்கு நகர்த்தும் முறையை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். நீக்கலின் நேர்மையும் காப்பதன் பயனும் அதில் ஒருங்கே கிடைக்கின்றன.

ஆனால் சான்று இல்லாத பத்தியைவிட எனக்குக் கூடுதல் கவலை தருவது, சான்று இருப்பதுபோலத் தோன்றும் பத்தி. மொழிபெயர்க்கப்பட்ட கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனத்தின் முயற்சியால் ஆங்கிலக் கட்டுரைகள் பல தமிழுக்கும் வேறு சில மொழிகளுக்கும் மொழிபெயர்க்கப்பட்டு ஏற்றப்பட்டன. அவற்றின் நடையைச் சீராக்குவது பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அடிக்குறிப்புகளைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை. ஆங்கிலக் கட்டுரையிலிருந்த அடிக்குறிப்பு எண்கள் அப்படியே தமிழுக்கு வரும்போது, மொழிபெயர்த்தவர் அந்த நூல்களைப் படித்தவர் அல்லர். ஒரு வாக்கியம் பிரிக்கப்பட்டோ இரண்டு வாக்கியங்கள் சேர்க்கப்பட்டோ இருந்தால், எண் தவறான வரியின் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். எதிர்மறை வாக்கியம் உடன்பாடாக மாறியிருந்தால் சான்று சொல்வதற்கு நேர்மாறானதை நாம் அந்தச் சான்றின் பெயரால் சொல்லிக்கொண்டிருப்போம். பார்ப்பவர் எண்ணைக் கண்டு நம்பிவிடுவார். விக்கிப்பீடியாவின் தற்போதைய மொழிபெயர்ப்புக் கருவியாலும் இது தீரவில்லை. அது அடிக்குறிப்பை இன்னும் எளிதாகக் கொண்டுவந்துவிடுகிறது, அவ்வளவே.

இப்போது இதைவிடப் பெரிய சிக்கல் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் வரைவுகளில், இல்லாத நூல்களும் இல்லாத ஆய்வுக் கட்டுரைகளும் உண்மையானவை போன்ற தலைப்புகளோடு அடிக்குறிப்பில் வந்து நிற்கின்றன. இவற்றுள் ஒரு பகுதியை நூலைத் தேடாமலே பிடித்துவிட முடியும். 13 இலக்கப் புத்தக எண்ணில் (ISBN) முதல் இலக்கத்தை 1ஆலும் இரண்டாவதை 3ஆலும் மூன்றாவதை 1ஆலும் என்று மாற்றி மாற்றிப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால், விடை 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். எடுத்துக்காட்டாக 978-0-306-40615-7 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 100 வருகிறது. எனவே எண்ணின் அமைப்பு சரி. கூட்டுத்தொகை வகுபடாவிட்டால் ஒன்று தட்டச்சுப் பிழை, அல்லது அப்படியொரு நூலே இல்லை. 2007க்கு முன் வெளிவந்த நூல்களில் எண் இருந்தால் அது பெரும்பாலும் 10 இலக்க எண்ணாக இருக்கும். அதற்கு வேறு கணக்கு. எண் சரியாக இருந்துவிட்டால் நூலும் சரியானது என்று ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணுக்குரிய நூல் வேறு தலைப்புடையதாக இருப்பதுண்டு. நூலகப் பட்டியலில் ஒருமுறை தேடிப் பார்த்தே ஆக வேண்டும்.

வாசகர்விரல்

வணக்கம். நான் அண்மையில்தான் கணக்குத் தொடங்கினேன். சிறு எழுத்துப் பிழைகளைத் திருத்தி வருகிறேன். இந்த உரையாடலைப் படித்தபின் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. என்னிடம் சில பழைய அச்சு நூல்கள் இருக்கின்றன. அவை இணையத்தில் எங்கும் இல்லை. அவற்றைச் சான்றாகக் கொடுத்தால், சொடுக்கிப் பார்க்க இணைப்பு இல்லை என்று யாரேனும் நீக்கிவிடுவார்களோ என்று தயங்குகிறேன். இப்படிக் கொடுப்பது ஏற்கப்படுமா?

தென்றல்வழி

வரவேற்கிறேன். தயங்க வேண்டாம். சான்று இணையத்தில் இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. வெளியிடப்பட்டதாக இருக்க வேண்டும், நம்பகமானதாக இருக்க வேண்டும், முயன்றால் ஒருவர் அதைப் பெற்றுப் பார்க்க இயல வேண்டும், அவ்வளவுதான். நூலகத்துக்குச் சென்று ஒரு பிரதியை எடுத்துப் பார்க்க முடியும் என்றால் அது சரிபார்க்கத்தக்க சான்றே. இணைப்பு இருப்பதாலேயே ஒரு வலைப்பதிவு மேலானதும் ஆகிவிடாது, இணைப்பு இல்லாததாலேயே ஒரு நூல் கீழானதும் ஆகிவிடாது.

பார்ப்பவரின் வேலையை எளிதாக்குவது மட்டும் நம் கடமை. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றோடு எத்தனையாவது பதிப்பு என்பதையும் பக்க எண்ணையும் தவறாமல் தாருங்கள். பதிப்பு மாறினால் பக்க எண்ணும் மாறும். ஐயத்துக்கு இடமான செய்தியாக இருந்தால், நூலிலிருந்து அதற்குரிய ஓரிரு வரிகளை அடிக்குறிப்பிலேயே மேற்கோளாகத் தருவதற்கு, சான்று இடப் பயன்படும் ஆயத்தப் படிவமான வார்ப்புருவில் இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால், நூலைக் கையில் வைத்திராதவர்கூட உங்கள் வரிக்கும் மூலத்துக்கும் உள்ள உறவை மதிப்பிட முடியும்.

பழைய நூல்களில் வேறொரு கவனம் தேவை. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் இன்றும் எடுத்தாளத் தக்கது. கலைச்சொற்களுக்கும் வரலாற்றுச் செய்திகளுக்கும் நான் அடிக்கடி அதைப் பார்ப்பதுண்டு. ஆனால் அதிலுள்ள அறிவியல் அளவுகளையும் மக்கள்தொகையையும் இன்றைய நிலவரமாக எழுத முடியாது. கிலோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிசுக்கு அருகே வைக்கப்பட்டிருக்கும் பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறையே ஒரு கிலோகிராம் என்று எழுதி, அதற்குத் தரமான பாடநூலைச் சான்றாகவும் காட்டியிருக்கும் கட்டுரையில் சான்று சரி, பக்க எண் சரி, செய்தி தவறு. 2019 மே 20 முதல் கிலோகிராம் பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. புளூட்டோவை ஒன்பதாவது கோள் என்று சொல்லும் 2006க்கு முந்தைய நூல்களும் இப்படியே. இத்தகைய இடங்களில் பழைய வரியை அழித்துவிடாமல், ‘1889 முதல் 2019 வரை இவ்வாறு வரையறுக்கப்பட்டது’ என்று காலத்தைச் சேர்த்துவிட்டால், பழைய சான்று பழைய செய்திக்கு உரியதாகவே நிலைத்துவிடும்.

இதையொட்டி, செம்மைப்படுத்துவோர் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ‘தற்போது’, ‘அண்மையில்’, ‘சில ஆண்டுகளுக்கு முன்’ போன்ற சொற்களைக் கண்டால் அவற்றுக்குப் பதிலாக ஆண்டை எழுதுங்கள். 2011இல் எழுதப்பட்ட ‘தற்போது’ இன்றைய வாசகரை ஒவ்வொரு நாளும் தவறாக வழிநடத்துகிறது.

நேர்கோடு

ஒரு கேள்வி இன்னும் எஞ்சியிருக்கிறது. ‘சான்று தேவை’ குறியை இட்டுவிட்டு எவ்வளவு காலம் காத்திருப்பது? குறியிட்ட மாதமும் ஆண்டும் பதிவாகும் வகையில்தான் வார்ப்புரு அமைக்கப்பட்டிருக்கிறது. எனவே எவை நீண்ட காலமாகக் காத்திருக்கின்றன என்பதைப் பகுப்புகளைப் பார்த்தே அறியலாம். பல ஆண்டுகள் கடந்தும் ஒருவரும் சான்று தரவில்லை என்றால், அந்தக் குறி வாசகருக்கு எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. கட்டுரையின் ஓர் உறுப்பைப் போலவே ஆகிவிடுகிறது. காலவரை ஒன்று வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. சான்றே இல்லாத முழுக் கட்டுரைகளையும் அதே காலவரைக்குள் நீக்கலுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்பேன்.

நூலகவாசி

வரிகளுக்கு உங்கள் காலவரையை ஏற்கலாம். முழுக் கட்டுரைகளுக்கு ஏற்க மாட்டேன். நீங்கள் முன்பு சொன்ன காரணமே இங்கே உங்களுக்கு எதிராக நிற்கிறது. ஒரு பத்தியை நீக்கினால் அது வரலாற்றில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கத்தையே நீக்கினால் அதன் வரலாறும் சேர்ந்து மறைந்துவிடும். அதன்பின் நிருவாகிகள் மட்டுமே பார்க்க முடியும். சான்று தேட முன்வரும் பயனருக்குத் தேடத் தொடங்குவதற்கே ஓர் இடம் இல்லாமல் போகிறது.

சான்று குறைவு என்பதை முக்கியத்துவம் குறைவு என்று தீர்மானிப்பதன் விளைவை 2018இல் பார்த்தோம். இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லாண்டைப் பற்றிய வரைவுக் கட்டுரை, அவரது குறிப்பிடத்தக்கமையைக் காட்டப் போதிய சான்றுகள் இல்லை என்று அந்த ஆண்டு மே மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்கப்படவில்லை. அக்டோபரில் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் அப்பரிசைப் பெற்ற பெண்கள் இருவரே. வரைவை மதிப்பிட்டவர் விதியை மீறவில்லை. அந்த வரைவில் இருந்த சான்றுகள் விதி கேட்கும் வகையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேண்டிய சான்றுகளை யாரும் தேடிச் சேர்க்கவில்லை என்பதும் உண்மை. பெண்கள், சிறு மொழிகள், அச்சில் குறைவாகவே பதிவான துறைகள் ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகளில் சான்று குறைவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பொருளின் சிறுமை அன்று. அவற்றைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அங்கே காலவரை வைத்து நீக்குவது, ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வை இன்னும் ஆழமாக்கும்.

நேர்கோடு

பக்க நீக்கத்துக்கும் பத்தி நீக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் போதிய அளவு எடைபோடவில்லை என்பது சரியே. முழுக் கட்டுரைகளைப் பொறுத்தவரை, நீக்கலுக்குப் பரிந்துரைக்கும் முன் ஒருவர் தாமே சான்று தேடிப் பார்த்திருக்க வேண்டும், எங்கே தேடினார் என்பதைப் பரிந்துரையில் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு என் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்கிறேன். உச்சச் சொற்களும் எண்களும் சான்றின்றி ஆண்டுக்கணக்கில் நிற்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அவை பேச்சுப் பக்கத்துக்குப் போக வேண்டியவையே.

குறிப்பேடு

எனக்கு வேண்டிய அளவுகோல் கிடைத்துவிட்டது. கோள்களைப் பற்றிய பழைய கட்டுரை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அதில் வாழும் அறிவியலாளர் ஒருவரைப் பற்றிய சான்றில்லாத வரி ஒன்று இருந்தது; அதை முதலில் எடுத்துவிட்டேன். ‘உலகிலேயே முதன்முறையாக’ என்று தொடங்கும் இரண்டு வாக்கியங்களைப் பேச்சுப் பக்கத்துக்கு நகர்த்தப் போகிறேன். கட்டுரையின் அடியில் இருக்கும் வானியல் நூல் எனக்கு எட்டும் நூலகத்தில் இருக்கிறது. மற்றப் பத்திகளுக்கு அதிலிருந்து பக்க எண் தேடுகிறேன். நடையும் பல இடங்களில் சீராக்கப்பட வேண்டியிருக்கிறது. இவை அனைத்தையும் ஒரே முறையில் செய்து சேமிக்கலாமா, தனித்தனியாகச் செய்ய வேண்டுமா?

தென்றல்வழி

தனித்தனியாகச் செய்யுங்கள். நீக்கம் ஒரு தொகுப்பு, சான்று சேர்த்தல் ஒரு தொகுப்பு, நடைத் திருத்தம் ஒரு தொகுப்பு என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தொகுப்புச் சுருக்கத்தில் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். மூன்றையும் கலந்து சேமித்தால் வேறுபாடு காட்டும் பக்கத்தில் எல்லா வரிகளும் மாறியதாகவே தெரியும். உங்கள் நீக்கத்தோடு மாறுபடும் ஒருவர் அதை மீளமைக்கும்போது, உங்கள் சான்றுகளும் நடைத் திருத்தங்களும் சேர்ந்தே போய்விடும். பிரித்துச் செய்திருந்தால் அவர் அந்த ஒன்றை மட்டும் மீளமைப்பார். அப்படி மீளமைக்கப்பட்டால் திரும்பவும் நீக்காமல் பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருங்கள்.

நடைத் திருத்தத்தைச் சான்று சேர்த்த பின்பே செய்யுங்கள். நூலைப் படிக்காமல் ஒரு வாக்கியத்தை அழகாக்கும்போது அதன் பொருள் சற்றே விலகிவிடக்கூடும். பக்க எண்ணை இணைத்த பிறகு திருத்தினால், மூலம் உங்கள் கண்முன் திறந்திருக்கும்.